மடியில் ஒரு வேட்டை நாய்

நகரங்களில் சுருள்முடி பூடிலுக்குக் கிராக்கி. அளவைப் பார்த்து வாங்குபவர்கள் குணத்தைப் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

அலாஸ்காவில் ஆண்டுதோறும் நடக்கும் இடிடராட் பந்தயத்தில், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் உறைபனி மீது சுமார் 1,600 கி.மீ. கடக்க வேண்டும். வழக்கமாக ஹஸ்கி நாய்கள் ஓடும் இந்தப் பந்தயத்துக்கு 1988-ல் ஜான் சூட்டர் என்ற அமெரிக்கர் பூடில்களைப் பூட்டிக்கொண்டு வந்தார். 1991 வரை நான்கு முறை ஓட்டினார். பனி ஒட்டி முடி சடைபிடித்தது, பாதங்கள் உறைந்தன. அதன் பிறகு, குளிர்ப் பிரதேச இன நாய்களுக்கு மட்டுமே அனுமதி என்று விதி மாறியது.

பூடில் என்றால் ரிப்பன் கட்டி சீமாட்டியின் மடியில் உட்காரும் பிராணி என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் பூடிலின் பூர்விகத் தொழில், சுடப்பட்டுத் தண்ணீரில் விழுந்த வாத்தை நீந்திப்போய்க் கவ்வி வருவது. தண்ணீரில் அளைவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்துதான் பூடில் என்ற பெயரே வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த 'கனீஷ்' என்ற பெயருக்குள்ளும் வாத்து இருக்கிறது. கண்காட்சிகளில் பார்க்கும் அந்த விசித்திரமான முடிவெட்டுக்கும் இதே காரணம் சொல்லப்படுகிறது: நீந்த வசதியாக உடம்பை மழித்து, குளிர் தாக்காதபடி நெஞ்சிலும் மூட்டுகளிலும் மட்டும் முடியை விட்டார்களாம்.

அளவுகள்தான் வேறு, நாய் ஒன்றே. அமெரிக்க கென்னல் கிளப் கணக்குப்படி, தோள்வரை 15 அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஸ்டாண்டர்டு, 10 முதல் 15 அங்குலம் வரை மினியேச்சர், அதற்குக் கீழே டாய். சர்வதேச அமைப்பான எஃப்.சி.ஐ., ஸ்டாண்டர்டுக்கும் மினியேச்சருக்கும் நடுவே 'மீடியம்' என்று நான்காவது பிரிவையும் வைத்திருக்கிறது. எடையில் வித்தியாசம் பிரமாண்டமானது. வளர்ந்த ஸ்டாண்டர்டு ஆண் நாய் 30 கிலோவைத் தொடும். டாய் மூன்று கிலோவைத் தாண்டினாலே அதிகம்.

மூளையில் மட்டும் அளவு பேதம் இல்லை. உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994-ல் வெளியிட்ட நூலில், சொன்னதைப் புரிந்து செய்யும் திறனில் பார்டர் கோலிக்கு அடுத்த இடத்தை பூடிலுக்குக் கொடுத்தார். சர்க்கஸ்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது. வேலையில்லாத புத்திசாலி சும்மா இருக்காது. காலையில் பூட்டிவிட்டுப் போய் இரவில் திரும்பும் தம்பதியின் ஃபிளாட்டில் அது ஓயாமல் குரைக்கும், செருப்பைக் கடிக்கும், தன் பாதத்தையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். டாய் பூடிலுக்கும் தினசரி நடையும் பழக்கமும் விளையாட்டும் வேண்டும். ஸ்டாண்டர்டுக்கு ஓட இடமும் வேண்டும்.

அடுத்தது முடி. பூடிலின் முடி அவ்வளவாக உதிராது, வளர்ந்துகொண்டே போகும். உதிரும் கொஞ்ச முடியும் சுருளுக்குள் சிக்கிக்கொள்ளும். தினமும் அடிவரை சீவாவிட்டால் சிக்கு விழுந்து, கம்பளம்போல் திரண்டு தோலை இழுக்கும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை முடிவெட்டு அவசியம். நம் ஊர் வெயிலுக்குக் குட்டையாக வெட்டிவிடுவதே நல்லது. ஒட்டச் சிரைத்துவிடக் கூடாது, தோல் வெந்துவிடும். சுருளுக்குள் ஒளியும் உண்ணி இன்னொரு ஆபத்து. உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே வாங்கும்.

முடி உதிராததால் அலர்ஜி வராது என்று சொல்லியே பல குட்டிகள் விற்கப்படுகின்றன. ஒவ்வாமையைத் தருவது முடியல்ல, எச்சிலிலும் தோல் செதிள்களிலும் இருக்கும் புரதம். பூடில் போன்ற இனங்களின் முடியில் இந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை என்று 2012-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியாவின் வாலி கான்ரன், ஒவ்வாமை உள்ள கணவரைக் கொண்ட ஹவாய்ப் பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தருவதற்காக 1980-களின் இறுதியில் லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். பிறந்த மூன்று குட்டிகளில் சோதனையில் தேறியது ஒன்றுதான். 'லாப்ரடூடில்' மோகம் உலகெங்கும் பரவி, கண்டவரெல்லாம் கலப்பினம் உருவாக்கத் தொடங்கியதைப் பார்த்து கான்ரனே பின்னாளில் வருந்தினார்.

கவலை தரும் சரக்கு இன்னொன்று: 'டீகப்' பூடில். பெரிய கென்னல் கிளப்புகள் எதுவும் அங்கீகரிக்காத அளவு இது. விற்பவர்கள் சூட்டிய பெயர். ஈற்றிலேயே நறுங்கிப் பிறந்த குட்டிகளை மீண்டும் மீண்டும் இணைசேர்த்துச் சிறிதாக்குகிறார்கள். விளைவை உடம்பு சுமக்கிறது. ஒரு வேளைத் தீனி தவறினாலே சர்க்கரை குறைந்து குட்டி மயங்கிவிழலாம். சோபாவிலிருந்து குதித்தால் எலும்பு முறியலாம். முழங்கால் சில்லு நழுவுவதும் பல் நெருக்கமும் சிறிய பூடில்கள் எல்லாவற்றுக்கும் உள்ள தொல்லைகள். உருவம் சுருங்கச் சுருங்க விலை ஏறுகிறது, மருத்துவச் செலவும் ஏறுகிறது. ஸ்டாண்டர்டிலும் ஆபத்து இல்லாமலில்லை: இடுப்பு மூட்டுக் கோளாறு, வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு. முறுக்கிய வயிறு சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

இந்தியாவில் நாய் வளர்ப்பு வியாபாரத்துக்கு 2017-ல் விதிகள் வந்தன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் தொழில் நடத்தக் கூடாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. கைபேசியில் படம் பார்த்து முன்பணம் அனுப்புகிறவர்களுக்கு இந்தச் சட்டம் உதவப்போவதில்லை. வாங்குகிறவரே விழிப்பாக இருக்க வேண்டும்.

வாங்குமுன்...

* தாய் நாயை நேரில் பாருங்கள். காட்ட மறுத்தால் திரும்பிவிடுங்கள்.

* குட்டியின் வயது, தடுப்பூசிச் சான்று, விற்பவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

* பெற்றோருக்கு விழித்திரை நோய்க்கான மரபணுச் சோதனையும் மூட்டுப் பரிசோதனையும் நடந்ததா என்று விசாரியுங்கள்.

* வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால், வளர்ந்த பூடில் இருக்கும் வீட்டுக்கு அவரை அழைத்துப் போய்ச் சில மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள்.

* சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு டாயைவிட மினியேச்சர் பாதுகாப்பு.

* பூடில் 12, 15 வருடம் வாழும். அத்தனை வருடமும் தினசரி சீப்பைப் பிடிக்கப்போவது யார் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.