ஒளிதணிக்கும் ஆளியும் சிக்கன மின்குமிழும்

பழைய மஸ்கெலியா நகரம் 1969ஆம் ஆண்டில் அமைந்த மவுசாக்கலை நீர்த்தேக்கத்தினுள் அமிழ்ந்தது. நீர் வற்றுங் காலங்களில் அங்கிருந்த கோயில்களின் எச்சங்கள் இன்றும் வெளித்தோன்றும். ஊரொன்றையே விலையாகக் கொடுத்துத் தேக்கிய அந்நீரே கனியன், புதிய லக்சபான மின்னிலையங்களை இயக்குகின்றது. அவ்வாறு பெற்ற மின்னை வீணாக்காது பயன்படுத்தல் நம் கடன். அதன்பொருட்டே சிக்கன மின்குமிழ்கள் பரவின. எனினும், டிம்மர் எனப்படும் ஒளிதணிக்கும் ஆளி பொருத்திய இல்லங்களில் இவை நடுங்குதலும், இரைதலும், விரைவிற் பழுதடைதலும் உண்டு. இதற்குக் காரணம் யாது?

நம் இல்லங்களுக்கு வரும் ஆடலோட்டம் செக்கனுக்கு 50 முறை அலைவது. ஆகவே அதில் 100 அரையலைகள் உள. ஆளியிலுள்ள திரயாக் என்னும் குறைகடத்தி ஒவ்வோர் அரையலையின் முற்பகுதியையும் தடுத்து, எஞ்சியதையே செல்லவிடும். பழைய குமிழின் தங்குதன் இழை சூட்டைத் தேக்கி வைத்தலால் இவ்விடைவெளிகள் கண்ணுக்குப் புலப்படா.

சிக்கனக் குமிழின் இயல்போ வேறு. அதனுள் சீராக்கி ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க, கொள்ளளவி அதனைச் சேமிக்கின்றது. வெட்டுண்ட அலை திடீரென எழுங்கால் பேரோட்டம் பாய்ந்து உறுப்புகளைச் சூடேற்றும். அன்றியும், திரயாக் திறந்து நிற்றற்கு ஒரு குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும். 60 வாற்று இழைக்குமிழுக்கு ஈடான எல்.ஈ.டி. குமிழ் ஏறத்தாழ 9 வாற்றே கொள்வதால், அவ்வோட்டம் போதாமற்போகத் திரயாக் மூடியும் திறந்தும் தடுமாறும். நடுக்கம் அதன் விளைவே.

பரிகாரம் மூன்று. முதலாவது, ஒளி தணித்தற்கு ஏற்றது எனப் பெட்டியிற் குறிக்கப்பட்ட குமிழையே வாங்குதல். இரண்டாவது, அரையலையின் முற்பகுதிக்குப் பதிலாகப் பிற்பகுதியை வெட்டுவதும், சிறு சுமைக்கு ஏற்றதுமான ஆளியை அமைத்தல். மூன்றாவது, ஒளி தணித்தல் வேண்டாதவிடத்து, தகுதி வாய்ந்த மின்வினைஞரைக் கொண்டு சாதாரண ஆளியை மாற்றிப் பொருத்துதல். டிம்மரை முழு ஒளியில் வைத்தாற் போதும் என்று கருதுதல் பொருந்தாது. அப்போதும் திரயாக் சுற்றினுள்ளேயே இருக்கின்றது. ஓர் இழைக்குமிழை உடன் சேர்த்தால் நடுக்கம் நிற்றல் கூடும். ஆயின் சேமிப்பிற் பெரும்பகுதி அதனாற் கரைந்துபோம்.

மின்னைச் சேமிக்க வாங்கிய குமிழ் சின்னாளிற் கெடுமாயின் அது சிக்கனமன்று. குமிழும் ஆளியும் ஒன்றற்கொன்று இசைந்தவிடத்தே சேமிப்பு நிலைபெறும்.