ஒரு பிடி களிமண் போதும்!

பிள்ளையார் சதுர்த்தி வந்தால் செம்பூர் திலக் நகரில் பெரிய பந்தலைக் காணக் கூட்டம் அலைமோதும். 1893-இல் திலகர் பொதுவிழாவாக வளர்த்த பண்டிகை அல்லவா? ஒற்றை அறைக் குடித்தனத்துக்கோ களிமண் பிள்ளையாரே போதும். குழந்தைகளையே செய்யச் சொல்லுங்கள். உருண்டை வயிறு, வளைந்த துதிக்கை, கண்ணுக்கு இரண்டு மிளகு, மூங்கில் குச்சியில் வண்ணக் காகிதக் குடை. நிழலில் உலர்த்தினால் வெடிப்பு விழாது.

கொழுக்கட்டைக்கு அரிசி மாவைக் கொதிநீரில் கிளறி, சூட்டோடு பிசைந்தால் சொப்பு விரியாது. பூரணம் தேங்காயும் வெல்லமும்தான். அடுத்த வீட்டு மராத்தியர் இதையே 'மோதக்' என்பார்கள், தட்டு மாற்றிக்கொள்ளலாம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை எளிதில் கரையாது. களிமண்ணோ வாளித் தண்ணீரிலேயே கரைந்துவிடும், பூந்தொட்டியில் ஊற்றிவிடலாம். அடுத்த ஆண்டு குழந்தை, "பிள்ளையார் வாங்கித் தா" என்று கேட்காது, "மண் எங்கே?" என்றுதான் கேட்கும்.