டாக்டர் வரும்வரை காத்திராத கருவி

மருத்துவக் கருவிகள் நுட்பமாக ஆக ஆக, அவற்றைக் கையாளத் தேர்ச்சி பெற்றவர்களின் தேவையும் கூடிக்கொண்டே போவதுதான் வழக்கம். எம்.ஆர்.ஐ. படத்தைப் படித்துச் சொல்ல அதற்கென்றே பயின்ற மருத்துவர் வேண்டும். ரோபோ அறுவைக் கருவியைப் பிடிக்க நெடுநாள் பழக்கம் வேண்டும். செயலிழந்த இதயத்தை மின்னதிர்ச்சி தந்து மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் இதற்கு நேர்மாறான வழியில் வளர்ந்தது. 1947இல் அதைப் பயன்படுத்த, நெஞ்சைத் திறக்கத் தெரிந்த அறுவை மருத்துவர் இருந்தாக வேண்டும். இன்று விமான நிலையச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியை, அதற்குமுன் அதைத் தொட்டே பார்த்திராத பயணி எடுத்து இயக்கிவிடுகிறார். மின்சாரத்தின் வலிமையைக் கூட்டியதால் வந்த முன்னேற்றம் அல்ல இது; சொல்லப்போனால் செலுத்தும் ஆற்றல் குறைந்துதான் இருக்கிறது. ஷாக் கொடுக்கும் உரிமை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே வந்ததுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். இத்துறையில் புதிதாக வரும் எந்தக் கருவியையும், 'இதை யார், எத்தனை நிமிடத்தில் பயன்படுத்த முடியும்' என்று கேட்டுத்தான் எடைபோட வேண்டும்.

நிமிடங்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதயத்துக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். மாரடைப்பும் இதயநிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபட்டு இதயத் தசையின் ஒரு பகுதி பட்டினி கிடக்கிறது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். அந்தப் பட்டினியோ வேறு கோளாறோ இதயத்தின் மின் ஒழுங்கைக் குலைத்துவிட்டால், கீழறைகள் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்குகின்றன. தேர்வடத்தைப் பிடித்த ஆயிரம் பேரும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் பலமெல்லாம் செலவாகும், தேர் நகராது, அந்த நிலைதான். ரத்தம் வெளியேறாததால் சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். இந்த நேரத்தில் கொடுக்கும் ஷாக் இதயத்தை 'ஓட்டி விடுவதில்லை'. எல்லாத் தசை இழைகளையும் ஒரே கணத்தில் ஓயவைக்கிறது. அந்த ஓய்வில் இதயத்தின் இயற்கையான மின்முனை மறுபடி தலைமையேற்றுத் தாளத்தைத் தொடங்குகிறது. திரையில் கோடு நேராகிவிட்ட நோயாளிக்கு ஷாக் கொடுத்து எழுப்புவது திரைப்படங்களில்தான் நடக்கும். நடுக்கமே இல்லாத இதயத்தில் அடக்குவதற்கு ஒன்றும் இல்லை. நடுக்கம் நீடிக்கும்போது, நெஞ்சழுத்தமும் தரப்படாவிட்டால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை சரிகிறது.

சிறிய மின்னதிர்ச்சி நாயின் இதயத்தை நடுங்கவைக்கும், பெரிய அதிர்ச்சி அந்த நடுக்கத்தை அடக்கும் என்பதை ஜெனிவா பல்கலைக்கழகத்தில் பிரெவோவும் பட்டெல்லியும் 1899இலேயே கண்டுவிட்டார்கள். அதை மேலே கொண்டுசெல்ல ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. கொண்டுசென்ற உந்துதலும் மருத்துவமனையிலிருந்து வரவில்லை. அமெரிக்காவில் மின்கம்பங்களில் வேலை செய்தவர்கள் ஷாக்கடித்து இறந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சாவுகளைத் தடுக்க மின்துறை நிறுவனங்கள் ஆய்வுக்குப் பணம் தந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கூவன்ஹோவன் என்ற மின்பொறியாளர், ஹூக்கர், லாங்வொர்தி ஆகியோருடன் சேர்ந்து 1933இல் நாய்களின் இதய நடுக்கத்தை மின்சாரத்தால் நிறுத்திக் காட்டினார். மனித இதயத்தில் அதைச் சாதித்தவர் கிளீவ்லாந்து அறுவை மருத்துவர் கிளாட் பெக். 1947இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நெஞ்சுக்கூட்டுக் குறைபாட்டைச் சரிசெய்து முடிக்கும் தறுவாயில் இதயம் நின்றது. பெக் நெஞ்சைத் திரும்பத் திறந்து, இதயத்தைக் கையால் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மின்தகடுகளை நேரே இதயத்தின்மேல் வைத்துப் பாய்ச்சினார். முதல் முயற்சி பலிக்கவில்லை, அடுத்தது பலித்தது. சிறுவன் பிழைத்தான். ஆனால் அந்த வெற்றிக்கு அறுவை அரங்கு, திறந்த நெஞ்சு, பெக் போன்ற கைகள் என மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியிருந்தது.

நெஞ்சைத் திறக்காமலே ஷாக் கொடுக்க முடியும் என்று பாஸ்டனில் பால் ஸோல் 1956இல் காட்டினார். அவர் பயன்படுத்தியது சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரம். கனத்த மின்மாற்றி இல்லாமல் அது நடக்காது. மின்தேக்கியில் சேமித்த நேர்திசை மின்சாரத்தை ஒரே வீச்சில் பாய்ச்சினால் போதும் என்பதை மாஸ்கோவில் நாவும் குர்விச் 1930களின் இறுதியிலேயே ஆராய்ந்திருந்தார். 1950களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் அத்தகைய கருவி புழக்கத்துக்கும் வந்துவிட்டது. குர்விச் பணியாற்றிய ஆய்வகத்தின் தலைவர் லீனா ஸ்டெர்ன், இளமையில் ஜெனிவாவில் பட்டெல்லியுடன் சேர்ந்து ஆய்வு செய்தவர் என்பதை எண்ணிப் பார்த்தால், அறிவு எந்த எல்லைக்கோட்டுக்கும் கட்டுப்படாமல் நடந்த தடம் தெரிகிறது. மேற்குலகில் அதே உண்மையை நிறுவியவர் பெர்னார்ட் லௌன். 1962இல் பொறியாளர் பெர்கோவிட்ஸுடன் அவர் உருவாக்கிய நேர்திசைக் கருவி இதயத் தசைக்கு ஊறு குறைத்தது. மின்தேக்கிக்கு பேட்டரி போதும் என்பதால், கருவி சுவரை விட்டு நகரும் வாய்ப்பும் பிறந்தது. இந்தத் துறையின் திருப்புமுனை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதற்கிடையே, கருவியே வேண்டாத ஒரு கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது. கூவன்ஹோவனின் ஆய்வகத்தில் கய் நிக்கர்பாக்கர் என்ற இளம் ஆய்வாளர், கனமான மின்தகடுகளை நாயின் நெஞ்சில் வைத்து அழுத்தும்போதே, மின்சாரம் பாயும் முன்பே, ரத்த அழுத்தம் சற்று ஏறுவதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்துதான் நெஞ்சழுத்த முறை உருவானது. 1960இல் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 20 நோயாளிகளின் விவரத்துடன் அதை வெளியிட்டு, இரண்டு கைகள் உள்ள எவரும் எங்கும் இதைத் தொடங்கலாம் என்று துணிந்து எழுதினார்கள். கொஞ்ச காலம் முன்புவரை இதயத்தைப் பிசைய நெஞ்சைக் கீற வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் அந்த வாக்கியத்தின் துணிச்சல் விளங்கும்.

அடுத்த கைமாற்றம் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்தது. மாரடைப்பால் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையை எட்டும் முன்பே இறக்கிறார்கள் என்றால், தீவிர சிகிச்சைப் பிரிவில் டிஃபிப்ரிலேட்டரைப் பூட்டி வைப்பதில் என்ன பயன் என்று கேட்டார் ராயல் விக்டோரியா மருத்துவமனையின் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிக்கி, சயாம்–பர்மா ரயில்பாதையில் வதைபட்டு மீண்டவர் அவர். கார் பேட்டரிகளில் இயங்கும், சுமார் 70 கிலோ எடையுள்ள கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றி 1966இல் அவர் நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். விண்வெளித் திட்டத்துக்கென உருவான சிறிய மின்தேக்கி கிடைத்ததும், 1968க்குள் எடை 3 கிலோ அளவுக்கு இறங்கிவிட்டது. மருத்துவர்கள் பலர் இதை ஆபத்தான துடுக்குத்தனம் என்று பார்த்தார்கள். ஆனால் மயாமியில் தீயணைப்பு வீரர்களும் பிரைட்டனில் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் பயிற்சி பெற்று அதே வேலையைச் செய்து காட்டினார்கள்.

மிஞ்சியிருந்த தடை ஒன்றே ஒன்று: திரையில் ஓடும் இ.சி.ஜி. கோட்டைப் பார்த்து, இது நடுக்கமா இல்லையா என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவையே கருவியிடம் விட்டுவிடலாம் என்ற எண்ணம் 1970களின் இறுதியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஆர்ச் டயாக்கும் அவர் கூட்டாளிகளும் செய்த தானியங்கிக் கருவியில் உருப்பெற்றது. பிறகு வந்த ஏ.ஈ.டி. (தானியங்கி வெளிப்புற டிஃபிப்ரிலேட்டர்), இ.சி.ஜி. அலையின் வேகத்தையும் உயரத்தையும் ஒழுங்கின்மையையும் தானே அளந்து, நடுக்கம் என்று உறுதியானால் மட்டுமே மின்தேக்கியை நிரப்புகிறது; இல்லையென்றால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஷாக் வராது. மின்சாரத்தை ஒரு திசையில் செலுத்தி, உடனே எதிர்த்திசைக்குத் திருப்பும் இருமுக அலை 1990களில் ஏ.ஈ.டி.க்குள் வந்தது. முன்பு 360 ஜூல் வரை தேவைப்பட்ட இடத்தில் 150, 200 ஜூல் போதுமென்றாகி, பெட்டி கையடக்கமாகியது.

பழக்கமில்லாதவர் கையில் கொடுத்தால் விபரீதம் நேராதா என்பது நியாயமான கேள்வி. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பயிற்சியே பெறாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கருவியைக் கொடுத்துப் பொம்மையின்மேல் பயன்படுத்தச் சொன்னார்கள். அவர்களுக்குச் சராசரியாக 90 விநாடி பிடித்தது. தொழில்முறை அவசரகால ஊழியர்களுக்கு 67 விநாடி. பல்லாண்டுப் பயிற்சிக்கும் பயிற்சியின்மைக்கும் இடையே அரை நிமிடத்துக்கும் குறைவான வேறுபாடுதான். சிகாகோ விமான நிலையங்களில் இரண்டு ஆண்டுகளில் இதய நடுக்கம் கண்ட 18 பேரில் 11 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் அந்தக் கருவியில் பயிற்சியோ அனுபவமோ இல்லாதவர்கள், அவர்களில் மூவர் மருத்துவம் படித்திருந்தாலும். ஷாக் தேவைப்படாத நான்கு பேருக்குக் கருவி சரியாகவே அதைத் தர மறுத்தது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நிற்பவர்களில் கால்வாசிப் பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்போது நடுக்கம் தென்படுகிறது; மற்றவர்களுக்கு ஷாக்கே பயன்படாது. அப்படியிருக்கப் பெட்டிகளுக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? இதற்கான விடை, எதிர்பாராத ஓர் இடத்தில், லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் கிடைத்தது. கேமராக்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்க, காவலர்கள் ஓடிவரும் இடங்கள் அவை. அங்கே இதயம் நின்ற 148 பேரில் 105 பேருக்கு, அதாவது 71 விழுக்காட்டினருக்கு நடுக்கம் இருந்தது. நடுக்கம் சில நிமிடங்களில் தளர்ந்து நேர்கோடாகிவிடும். ஆகவே ஆம்புலன்ஸ் காணும் அந்தக் கால்வாசிக் கணக்கில் தாமதத்துக்கும் பங்கு உண்டு. மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்து வீடு திரும்பினார்கள். அதற்குப் பின் கிடைத்தவர்களில் 49 விழுக்காட்டினர். ஷாக் கொடுத்தவர்கள் விடுதிக் காவலர்கள். இந்த ஆய்வைப் படித்த பிறகு, டாக்டருக்காகக் காத்திருப்பதை எச்சரிக்கை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் வீட்டுக்கு வீடு ஒன்று வைத்துவிடலாமே என்று தோன்றும். அதையும் சோதித்துவிட்டார்கள். மாரடைப்பிலிருந்து மீண்ட 7,001 பேரில் பாதிப் பேர் வீட்டில் ஏ.ஈ.டி. வைத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. என் வாதத்துக்கு இது அடி போலத் தெரியலாம். ஆய்வின் உள்விவரமோ வேறு கதை சொல்கிறது: வீட்டில் நேர்ந்த இதயநிறுத்தங்களில் ஏறக்குறைய பாதியை யாரும் பார்க்கவே இல்லை. தூக்கத்திலோ தனிமையிலோ சாய்ந்தவருக்குப் பெட்டி அருகில் இருந்தும் பயனில்லை. கருவியால் மருத்துவரை வேண்டாமென்று சொல்ல முடியும். பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆளை வேண்டாமென்று சொல்ல முடியாது. அந்த ஆளையும் விலக்கியது மிஷேல் மிரோவ்ஸ்கியின் படைப்பு. உடலுக்குள்ளேயே பொருத்தும் டிஃபிப்ரிலேட்டரை அவர் முன்மொழிந்தபோது, 1972இல் அதைக் கடுமையாக எதிர்த்தவர் அதே லௌன். யாருக்குப் பொருத்துவது என்று அன்று கணிக்க வழியில்லை என்பதால் அந்த எதிர்ப்பில் பொருள் இருந்தது. 1980 பிப்ரவரியில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டு, 1990களின் ஆய்வுகள் ஆபத்து மிகுந்தவர்களை இனம்காட்டிய பிறகே அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.

மறுபக்கம், மனிதக் கைக்குப் பதிலாகச் சீராக நெஞ்சை அழுத்தும் இயந்திரங்கள் வந்தன. களைக்காது, ஆழம் மாறாது. காகிதத்தில் இதைவிடச் சிறந்தது வேறில்லை. பிரிட்டனில் 4,471 நோயாளிகளைக் கொண்டு செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், கையால் அழுத்தியதைவிட அது கூடுதல் உயிர்களைக் காக்கவில்லை. ஓடும் ஆம்புலன்ஸில் அதற்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஆம்புலன்ஸோடு வருகிறது. பொன்னான நிமிடங்கள் கழிந்த பின் வருகிறது. ஜப்பான் எடுத்த வழி வேறு. 2004இல் பொதுமக்களும் ஏ.ஈ.டி. பயன்படுத்த அனுமதித்து, நாடெங்கும் பெட்டிகளைப் பரப்பியது. மக்கள் வாழும் பகுதியில் சதுர கிலோமீட்டருக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தது நான்கோ அதற்கு மேலோ ஆனபோது, முதல் ஷாக்குக்கு ஆன நேரம் 3.7 நிமிடத்திலிருந்து 2.2 நிமிடமாகக் குறைந்தது.

ஸ்வீடனில் இப்போது ட்ரோன்கள் ஏ.ஈ.டி.யைச் சுமந்து பறக்கின்றன. 2023இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்ஸும் ட்ரோனும் சென்று சேர்ந்த 55 அழைப்புகளில் 37இல் ட்ரோன் முந்தியது. அவற்றில் உண்மையான இதயநிறுத்தங்கள் 18. அழைத்தவரால் கருவியை எடுத்து ஒட்ட முடிந்தது 6 பேருக்குத்தான். தனியாக இருப்பவர் நெஞ்சை அழுத்துவதை விட்டுவிட்டு வாசலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அதே நாட்டில் ஸ்டாக்ஹோமில், அருகில் இருக்கும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கைபேசி வழியே கூப்பிட்டபோது, நெஞ்சழுத்தம் பெற்றவர்களின் விகிதம் 48இலிருந்து 62 விழுக்காடாக உயர்ந்தது. ட்ரோனையும் அந்தத் தன்னார்வலரையும் ஒரே அழைப்பில் ஒரே வாசலுக்கு அனுப்பும் ஏற்பாட்டைத்தான், அடுத்து எந்தப் புதிய அலைவடிவத்தையும் சோதிக்கும் முன், பொறியாளர்கள் வடிவமைக்க வேண்டும்.