உங்களுக்குத் தெரியுமா? அந்தப் பக்கம் கள், இந்தப் பக்கம் அக்கானி

தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்குள் நுழைந்தால் மதுச் சட்டமே மாறிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்திலோ உரிமம் பெற்ற கள்ளுக்கடைகளில் கள்ளோடு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும்.

மரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பனம்பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் சொட்டுவது புளிக்காத பதநீர். குமரி மாவட்டத்தாருக்கு அது அக்கானி. சுண்ணாம்பு தடவாவிட்டால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கி, சில மணி நேரத்தில் அது கள்ளாகிவிடும்.

கள் மட்டுமல்ல, கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்துப் பூவாறு, அதற்கு வடக்கே கோவளம் என்று நீளும் கடற்கரையின் இரவு வாழ்க்கை அரசின் கொள்கையோடு ஏறி இறங்கியது. 2014-இல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு மட்டுமே பார் என்றது கேரள அரசு. 2017 ஜூலையில் மூன்று நட்சத்திர ஓட்டல்களுக்கும் கதவு திறந்தது. 1996-இல் தடை செய்யப்பட்ட சாராயம் மட்டும் திரும்பவே இல்லை.

கள்ளுக்கான தடையை நீக்கச் சொல்லும் தமிழ்நாட்டுப் பனையேறிகளின் கோரிக்கை நியாயமானது. ஆனால் தடை நீங்கும்வரை, அங்கே வாங்கிய கள்ளை இங்கே கொண்டுவராதீர்கள், அது குற்றம்.