குறட்டை விடும் குழந்தையும் அதன் இதயமும்

"பிள்ளை அசந்து தூங்குது, குறட்டையைக் கேளுங்க" என்று சந்தோஷமாகச் சொல்லும் வீடுகள் நம் சிங்காரப்பேட்டைப் பக்கம் நிறைய உண்டு. சளி பிடித்த நாட்களில் வரும் குறட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். சளியே இல்லாமல், வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் குறட்டை வந்து, வாயைத் திறந்தபடியே பிள்ளை தூங்கினால், அது மூச்சுக்குத் திணறுகிறது என்று பொருள்.

தொண்டையின் இரு பக்கமும் இருப்பவை டான்சில். மூக்குக்குப் பின்னால், வாயைத் திறந்தாலும் தெரியாத இடத்தில் இருப்பது அடினாய்டு. நம் மக்கள் இவற்றையும் 'உள்நாக்கு' என்றே சொல்கிறார்கள். உள்நாக்கு என்பது நடுவில் தொங்குவது. அதை விரலால் தூக்கிவிடுவதால் இந்தச் சதைகள் சுருங்காது.

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் வழியைத் திறந்து வைக்கின்றன. தூக்கத்தில் அவை தளரும்போது, வீங்கிய சதை வழியை அடைக்கிறது. மார்பு ஏறி இறங்கினாலும் காற்று உள்ளே போவதில்லை. சில விநாடிகள் கழித்துப் பிள்ளை திடுக்கிட்டு மூச்சை இழுக்கும். ஓர் இரவில் இது பலமுறை நடக்கலாம். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. அப்போது நுரையீரலின் இரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்வது உடலின் இயல்பு. மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் அங்கே இரத்த அழுத்தம் உயரும். அந்த அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ள வேண்டியது இதயத்தின் வலது அறை. அது தடித்து, பெருத்து, கடைசியில் களைத்தும் போகலாம். இவ்வளவு தூரம் போவது அரிது; ஆனால் நடந்திருக்கிறது. 1965இல் அமெரிக்கக் குழந்தைகள் இதய மருத்துவர் ஜாக்குலின் நூனன் இப்படி இதயம் பாதிக்கப்பட்ட இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அது மீளக்கூடிய பாதிப்பு என்பதே அவர் கட்டுரையின் தலைப்பில் இருந்த செய்தி.

பகலிலும் அடையாளங்கள் உண்டு. காலையில் தலைவலி, நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப வருவது, எடை ஏறாமை, காரணமில்லாத துறுதுறுப்பு. ஃபஜ்ருக்குப் பின் ஓத வந்து தூங்கி விழும் பிள்ளையைப் பார்த்துப் பிரம்பைத் தேடும் உஸ்தாதுமார்கள், இரவில் அது எப்படித் தூங்குகிறது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்கலாம்.

தந்தை ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருந்தால், தாய்மார்கள் பிள்ளை தூங்குவதைச் செல்போனில் இரண்டு நிமிடம் படம் பிடியுங்கள். மார்புக்குழி உள்வாங்குவதும் மூச்சு நிற்பதும் அதில் தெரியும். ஊத்தங்கரை அரசு மருத்துவமனையிலோ, கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ அதைக் காட்டுங்கள்.

சதை பெரிதாக இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் ஆபரேஷன் தேவையில்லை. லேசானதாக இருந்தால் மூக்கில் அடிக்கும் மருந்தோடு சில மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள். வயது ஏற ஏறச் சதையும் சுருங்கும். ஆபரேஷன் என்று முடிவானால், குறட்டையையும் மூச்சு நிற்பதையும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சடைப்பு கடுமையாக இருந்த பிள்ளையை அன்றிரவு மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணிப்பார்கள். வீடு திரும்பிய பின், இரண்டு வாரம் வரை எச்சிலில் புது இரத்தம் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.