கீறாத கண்ணாடி உடையாதா?

பொருள்களின் பண்புகளைக் கற்பிக்கும்போது மாணவர்களிடம் ஒரு குழப்பத்தை அடிக்கடி காண்கிறேன். ‘வைரம் மிகக் கடினமானது, எனவே அதை உடைக்கவே முடியாது’ என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். பேச்சு வழக்கில் ‘கெட்டி’ என்ற ஒரே சொல்லால் கீறல் விழாததையும் சொல்கிறோம், உடையாததையும் சொல்கிறோம். அறிவியலில் கடினத்தன்மை வேறு, உடைவைத் தாங்கும் திறன் வேறு. இந்த வேறுபாட்டைப் புரியவைக்க, எட்டாம் வகுப்பில் நான் பயன்படுத்தும் எளிய துணைக்கருவி கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடி. கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் கேட்டால் கழற்றிப் போட்ட பழைய கண்ணாடிகள் கிடைக்கும்.

மூன்று வகைகள்

முதலாவது அக்ரிலிக். இது ஒளி ஊடுருவும் ஒரு நெகிழி. பழைய சாவி கொடுக்கும் கடிகாரங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இரண்டாவது மினரல் கிளாஸ். இது மணலை மூலப்பொருளாகக் கொண்ட சாதாரணக் கண்ணாடி வகை. சிலவற்றை வெப்பத்தாலோ வேதிமுறையாலோ வலுவூட்டியிருப்பார்கள். மூன்றாவது சஃபையர். இது ஆய்வுக்கூட முறையில் வளர்க்கப்படும் நிறமற்ற அலுமினியம் ஆக்சைடு.

கடிகாரத் தொழிலில் மூன்றையும் ‘கிரிஸ்டல்’ என்றே அழைக்கிறார்கள். ஆனால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட உண்மையான படிகம் சஃபையர் மட்டுமே. கண்ணாடியும் அக்ரிலிக்கும் படிக வடிவமற்ற திண்மங்கள்.

பிரெஞ்சு அறிவியலாளர் அகஸ்ட் வெர்னூய், அலுமினியம் ஆக்சைடுத் தூளை 2000 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சுடரில் உருக்கிப் படிகமாக வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தார். அதே பொருளில் சிறிது குரோமியம் சேர்ந்தால் செயற்கை மாணிக்கம். பழைய கடிகார முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருப்பது, உள்ளே சக்கரங்களின் அச்சைத் தாங்கும் இத்தகைய கற்களைத்தான்.

தரவரிசையும் மதிப்பெண்ணும்

ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812இல் உருவாக்கிய கடினத்தன்மை அளவுகோலில் அக்ரிலிக் சுமார் 3, மினரல் கிளாஸ் 5 முதல் 6, சஃபையர் 9, வைரம் 10. நம்மைச் சுற்றியுள்ள தூசியிலும் மணலிலும் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. அதன் எண் 7. அதனால்தான் முதல் இரண்டிலும் நாளடைவில் கீறல் விழுகிறது, சஃபையர் தப்பிவிடுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மோஸ் எண் தரவரிசை போன்றது, மதிப்பெண் அல்ல. வகுப்பில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் ஒரு மதிப்பெண் வேறுபாடும் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். அதுபோல 9க்கும் 10க்கும் இடையிலான உண்மையான வேறுபாடு மிகப் பெரியது.

இனி உடைவுக்கு வருவோம். இங்கே வரிசை ஏறக்குறையத் தலைகீழாகிறது. அக்ரிலிக்கின் நீண்ட மூலக்கூறு சங்கிலிகள் அடி விழும்போது சற்று வளைந்து கொடுத்து, அதன் ஆற்றலை உள்வாங்குகின்றன. சஃபையரில் அணுக்கள் இறுகப் பிணைந்திருப்பதால் அவை நழுவ இடமில்லை. பலத்த அடி விழுந்தால் விரிசல் ஓடிச் சில்லுகளாகிவிடும். 1969இல் நிலவில் பஸ் ஆல்ட்ரின் அணிந்திருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்தில் இருந்தது அக்ரிலிக்தான். எடையற்ற விண்கலத்தில் கண்ணாடிச் சில்லுகள் மிதந்தால் கண்ணுக்கும் கருவிகளுக்கும் ஆபத்து அல்லவா!

பத்தாம் வகுப்பில் ஒளிவிலகலுடனும் இதை இணைக்கலாம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, சஃபையருக்கு 1.77. நேராக விழும் ஒளியில் கண்ணாடிப் பரப்பு சுமார் 4 சதவீதத்தையும், சஃபையர் பரப்பு சுமார் 8 சதவீதத்தையும் எதிரொளிக்கும். எனவேதான் பல சஃபையர் கண்ணாடிகளுக்கு எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு தேவைப்படுகிறது.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரு பழைய அக்ரிலிக் கண்ணாடி, ஆய்வகத்தின் நுண்ணோக்கி நழுவம், ஓர் இரும்பு ஆணி, சிறிது ஆற்றுமணல் போதும். ஆணியால் அக்ரிலிக்கைக் கீறினால் கோடு விழும்; அதே அழுத்தத்தில் நழுவத்தில் விழாது. ஈரத்துணியில் மணலைத் தொட்டுத் தேய்த்தால் நழுவமும் மங்கும். கண்ணாடியை ஆசிரியரே கையாள வேண்டும். பின்னர், அக்ரிலிக்கில் விழுந்த மெல்லிய கீறலைப் பற்பசையால் தேய்த்து மெருகேற்றச் சொல்லுங்கள். மென்மையான பொருள் என்பதாலேயே அதைச் சரிசெய்ய முடிகிறது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

இறுதியில் நான் கேட்கும் வினா இதுதான்: ‘கட்டட வேலை செய்பவருக்கு எந்தக் கண்ணாடி ஏற்றது?’ ஒரு மாணவி, “எங்க அப்பா கொத்தனார் டீச்சர். எப்பவும் மணல்லயும் சிமெண்ட்லயும்தான் கை இருக்கும். சஃபையர்தான் சரி” என்றாள். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. “செங்கல்லுல இடிச்சா உடைஞ்சிடுமே? பிளாஸ்டிக்னா கீறல் விழுந்தாலும் தேய்ச்சுக்கலாம். மாத்துறதும் மலிவு” என்றான்.

இருவருக்குமே முழு மதிப்பெண் கொடுத்தேன். எந்தப் பண்பை முன்னிறுத்திப் பேசுகிறோம் என்பது இருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. ‘சிறந்த பொருள் எது?’ என்று கேட்டால் மனப்பாடம் செய்த ஒரு சொல் விடையாக வரும். ‘யாருக்கு, எந்த வேலைக்கு, ஏன்?’ என்று கேட்டால் காரணத்தோடு விடை வரும். தேர்வு வினாக்களை அமைக்கும்போது இந்த மூன்று சொற்களையும் சேர்த்துப் பாருங்கள்.