குழு டிராக்டருக்கு முதலில் எது: இடங்காட்டும் கருவியா, பராமரிப்புக் கணக்கா?

கடலூர் மாவட்டத்தில் உழவுக்கும் அறுவடைக்கும் இயந்திரத்தை எதிர்பார்த்து நிற்கும் காலம் வந்துவிட்டது. இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி தனியாக ஒரு டிராக்டர் வாங்கினால் கட்டுப்படியாகாது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது கொட்டகையில்தான் நிற்கும். ஆகவே பலர் சேர்ந்து வாங்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

தமிழக அரசு 2017-18ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டம் இந்த அடிப்படையில் அமைந்ததுதான். சிறு, குறு விவசாயிகள் 20 பேர் சேர்ந்து ஓர் ஆர்வலர் குழு. அத்தகைய ஐந்து குழுக்கள் இணைந்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. பண்ணை இயந்திரங்கள் வாங்க அந்தக் குழுவுக்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி என்பது அப்போதைய ஏற்பாடு. இது தவிர, சொந்தப் பணம் போட்டும் வங்கிக் கடனிலும் இயந்திரம் வாங்கி வாடகைக்கு விடும் குழுக்களும் உண்டு.

நூறு பேருக்கு ஓர் இயந்திரம் என்றால் தகராறுக்குப் பஞ்சமிருக்காது. பெரும்பாலான தகராறு இரண்டே கேள்விகளில் அடங்கும். "வண்டி எங்கே போயிற்று?" என்பது ஒன்று. "வண்டி ஏன் ஓடவில்லை?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஜி.பி.எஸ். எனப்படும் இடங்காட்டும் கருவி விற்கிறது. இரண்டாவதற்குப் பராமரிப்புக் கணக்கு வைக்கும் மென்பொருள்கள், செல்போனிலேயே இயங்கும்படி, வந்துள்ளன. விற்பனைக்கு வருபவர்களில் சிலர் ஒன்றை வாங்கினால் மற்றதும் தீர்ந்துவிடும் என்பதுபோலப் பேசுகிறார்கள். அப்படியல்ல.

இடங்காட்டும் கருவி

கைக்கு அடக்கமான இந்தப் பெட்டியை டிராக்டரின் பாட்டரியோடு இணைத்து, கண்ணில் படாத இடத்தில் பொருத்துவார்கள். பூமிக்கு மேலே சுமார் 20,000 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைப் பெற்று, வண்டி நிற்கும் இடத்தை அது கணிக்கிறது. உள்ளே இருக்கும் சிம் கார்டு அதைச் செல்போனுக்கு அனுப்புகிறது. சாவிக் கம்பியோடும் இணைத்துவிட்டால் எத்தனை மணிக்குச் சாவி போடப்பட்டது, எப்போது அணைக்கப்பட்டது என்பதும் தெரியும்.

சிதம்பரம் பக்கம் சம்பா அறுவடை மும்முரமாக இருக்கும் தை, மாசி மாதங்களில் இதன் பயன் பெரிது. புவனகிரியில் இருப்பதாகச் சொன்ன வண்டி குமராட்சியில் வேறொருவர் வயலில் ஓடிக்கொண்டிருந்தால் குழுத் தலைவருக்கு உடனே தெரிந்துவிடும். திருட்டுப் பயமும் குறையும். டீசல் கணக்கில் சந்தேகம் வந்தால் சரிபார்க்கலாம்.

ஆனால் பரப்பளவு அளக்க இதை நம்பக் கூடாது. திறந்த வெளியிலும் சில மீட்டர் தூரம் முன்பின் காட்டுவது இக்கருவியின் இயல்பு. 25 சென்ட் நிலம் சதுரமாக இருந்தால் பக்கம் 32 மீட்டர்தான் வரும். ஒரு பக்கம் 3 மீட்டர் தள்ளிக் காட்டினாலே இரண்டு சென்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். பெரிய பண்ணைக்கு இது பொருட்டல்ல; துண்டு துண்டாக நிலம் வைத்திருப்பவருக்கு வாடகையில் இடிக்கும்.

இன்னொன்று, வண்டி வேலையின்றி மாதக் கணக்கில் நிற்கும்போதும் கருவி பாட்டரியிலிருந்து சிறிதளவு மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு முறையாவது என்ஜினை ஓட்டாவிட்டால், ஆடியில் உழவுக்கு எடுக்கும்போது பாட்டரி இறங்கிக் கிடக்கும்.

பராமரிப்புக் கணக்கு

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேற்றுமை எளிதில் விளங்கும். அங்கே மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரம் எங்கே நிற்கிறது என்று யாரும் தேட வேண்டியதில்லை. அதை எவரும் ஓட்டிக்கொண்டு போய்விடவும் முடியாது. அதன் பேரிங்குகள் எத்தனை மணி நேரம் ஓடியுள்ளன, அடுத்து எதை மாற்ற வேண்டும் என்பதே அத்தகைய இயந்திரத்தில் கேள்வி. பெரிய ஆலைகளில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைக்கும் வழக்கம் 1960களில் துளையிட்ட அட்டைகளோடு தொடங்கியது. இன்று அதே வேலை செல்போனுக்கு வந்துள்ளது. இயந்திரத்தின் பெயர், மணி மீட்டர் அளவு, மாற்றிய பாகம், ஆன செலவு ஆகியவற்றைப் பதிந்தால், அடுத்த சர்வீஸ் நெருங்கும்போது அது நினைவூட்டும்.

நினைவூட்டல் ஏன் தேவை என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம். பல டிராக்டர்களில் புது வண்டிக்கு முதல் 50 மணி நேரத்திலும், அதன்பின் 250 மணிக்கு ஒரு முறையும் என்ஜின் ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். (கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், கையேட்டில் உள்ளதே சரி.) சேடை ஓட்டும் பருவத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் 31 நாளில் 250 மணி முடிந்துவிடும். அதே வண்டி கோடையில் ஆறு மாதமானாலும் 250 மணியைத் தொடாமல் இருக்கலாம். "போன பொங்கலுக்குத்தானே ஆயில் மாற்றினோம்" என்று தேதியைக் கொண்டு நினைவு வைத்திருப்பவர், பருவத்தில்தான் ஏமாறுவார். என்ஜின் உட்காருவதும் பருவத்தில்தான். ஓடாமல் நின்றாலும் ஆயில் கெடும் என்பதால் கையேடுகளில் மணி, மாதம் இரண்டுக்கும் வரம்பு கொடுத்திருப்பார்கள். எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும்.

வேலையைப் பொறுத்தும் பராமரிப்பு மாறும். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதியில் இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறங்கும் வண்டிக்கு முன் அச்சு, சக்கர பேரிங்குகளுக்குள் சேறும் தண்ணீரும் புகும். அன்றன்றே கழுவிக் கிரீஸ் அடிக்க வேண்டும். ரொட்டவேட்டரின் கத்தி போல்ட்டுகளைத் தினமும் முடுக்கிப் பார்க்க வேண்டும். கடலூர், பண்ருட்டிப் பக்கம் கரும்புக்கும் மேட்டுப் பயிருக்கும் புழுதியில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டிதான் முதல் கவலை. அறுவடை இயந்திரத்திலோ ரேடியேட்டர் வலையில் வைக்கோல் தூசி அடைத்து என்ஜின் சூடேறிவிடும். ஒரே வண்டி வாடகைக்காக இந்த இரு பகுதிகளுக்கும் போய் வந்தால் இரண்டு விதப் பராமரிப்பும் அதற்குச் சேர வேண்டும். வண்டி எங்கே போனது என்பதை இடங்காட்டும் கருவி சொல்லும்; காற்று வடிகட்டி அடைத்திருப்பதை அது சொல்லாது.

மென்பொருளும் மந்திரமல்ல. டிரைவர் மீட்டரைப் பார்த்துப் பதியாவிட்டால் அது வெறும் ஏடுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, காலை மீட்டர், மாலை மீட்டர், யார் வயல், டீசல், செய்த பழுது என்று கோடு போட்டு எழுதினாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். ஓர் இயந்திரம் மட்டுமே உள்ள குழுவுக்கு அதுவே போதும்.

மணிக் கணக்கில் வரும் குழப்பம்

இரண்டையும் வாங்கிய குழுக்கள் ஒரு சிக்கலைச் சந்திக்கக்கூடும். கருவி காட்டும் மணியும் டிராக்டர் மீட்டர் காட்டும் மணியும் ஒத்து வராது. பழைய டிராக்டர்களின் மீட்டர் என்ஜின் சுழற்சியைக் கொண்டே ஓடுகிறது. குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும். மெதுவாக ஓடவிட்டால் குறைத்துக் காட்டும். ஜி.பி.எஸ். கருவியோ சாவி போட்டிருந்த நேரம் முழுவதையும் எண்ணிவிடும். டிரைவர் என்ஜினை அணைக்காமல் வரப்பில் டீ குடித்த நேரமும் அதில் சேரும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வாடகையைக் கடிகாரப்படியோ ஏக்கர்படியோ பேசிக்கொண்டு, சர்வீஸை மட்டும் டிராக்டர் மீட்டர்படி செய்துவருவது நல்லது. இதைக் குழுக் கூட்டத்தில் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

வெள்ளக் காலத்தில்

2015 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட மாவட்டம் இது. வடகிழக்குப் பருவமழையில் வீராணமும் கொள்ளிடமும் நிரம்பி வரும்போது வண்டி பள்ளத்தில் நிற்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்து மேட்டுக்கு மாற்றச் சொல்ல இடங்காட்டும் கருவி கைகொடுக்கும். ஆனால் என்ஜினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் அதன் உதவி முடிந்தது. அப்போது சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் உள்ள நீர் அமுங்காது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். என்ஜின் ஆயில், கியர் ஆயில், டீசல் டாங்கி மூன்றையும் வடிக்க வேண்டும். ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். எதையெல்லாம் மாற்றியாயிற்று, எது பாக்கி என்று நோட்டில் எழுதாமல் அடுத்த உறுப்பினரிடம் வண்டியைக் கொடுத்தால், நட்டம் நூறு பேருக்கும்தான்.

எதை முதலில் வாங்குவது

ஒரு பவர் டில்லரோ ஒரு டிராக்டரோ உள்ளூருக்குள் ஓடும் குழு, கருவிக்கும் ஆண்டுச் சந்தாவுக்கும் செலவிடும் பணத்தை முதலில் வடிகட்டி, ஆயில், வி-பெல்ட் ஆகியவற்றை இருப்பு வைக்கச் செலவிடலாம். அறுவடை இயந்திரத்தை வெளி மாவட்டங்களுக்கு அனுப்பும் குழுவுக்கு இடங்காட்டும் கருவி அவசியம். மூன்று, நான்கு இயந்திரங்கள் சேர்ந்துவிட்டால் நோட்டு தாங்காது, மென்பொருளுக்குப் போகலாம். வாங்கும்போது, கருவியின் மணிக்கணக்கை மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளுமா, சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகள் கைக்குக் கிடைக்குமா, விவரங்கள் தமிழில் வருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சொந்த இயந்திரம் இல்லாதவர்கள் உழவன் செயலி வழியாக வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு முன்பதிவு செய்யலாம். கடலூர், சிதம்பரம் ஊர்களிலுள்ள அத்துறை அலுவலகங்களிலும் விவரம் கேட்டறியலாம். வாடகை வண்டி வயலில் இறங்கும் முன், மீட்டர் அளவைப் பார்த்து டிரைவர் முன்னிலையில் குறித்துக்கொள்வதும், ரொட்டவேட்டரில் கத்திகள் குறையாமல் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்வதும் ஐந்து நிமிட வேலை.